கோடை விடுமுறையும் ஒரு பொலிஸ் படிவமும்

உலகின் வடபாதியிலே வாழும் நம் உறவுகள் கம்பளி அங்கிகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மார்கழி மாதத்தில், இங்கே ஓக்லாந்து மாநகரில் கோடை தொடங்குகின்றது. கடற்கரைச் சரிவுகளிலே பொஹுடுகாவா மரங்கள் செக்கச் செவேலெனப் பூத்து நிற்கின்றன. நத்தார்ப் பண்டிகையை இந்நாட்டவர் வெயிலிலே கொண்டாடுகின்றனர். பார்ப்பதற்கு இனிய காட்சிதான். ஆயினும் இக்காட்சிக்குப் பின்னால், சான்ட்றிங்ஹாமிலும் மவுண்ட் றொஸ்கிலிலும் உள்ள சிறிய வாடகை வீடுகளிலே, ஒவ்வோர் ஆண்டும் இதே வேளையில் ஒரு கவலை தலைதூக்குகின்றது. பாடசாலைகள் மூடப்பட்டுவிட்டன, பிள்ளைகளை யார் பார்ப்பது?

கணக்கு எளியது. டிசம்பர் மூன்றாம் வாரமளவில் மூடப்படும் ஆரம்பப் பாடசாலைகள் ஜனவரி இறுதியிலோ பெப்ரவரி முற்பகுதியிலோதான் மீண்டும் திறக்கின்றன. இது ஏறக்குறைய ஆறு வாரம். தவணை இடைவெளிகளையும் கூட்டினால் ஆண்டுக்குப் பன்னிரண்டு வாரம் பிள்ளைகள் வீட்டிலிருப்பர். தொழிலாளிக்குச் சட்டப்படி கிடைக்கும் சம்பளத்துடனான விடுமுறையோ நான்கு வாரம். தாயும் தந்தையும் ஒருவர் விடுப்பு முடிந்தபின் மற்றவர் விடுப்பு என்று பகிர்ந்துகொண்டாலும் எட்டு வாரமே ஆகும். மீதி நான்கு வாரத்திற்கு வழியில்லை. அழைத்தால் வேலை, அழைக்காவிட்டால் இல்லை என்ற நிலையில் துப்புரவுப் பணிக்கும் பொதிசெய்யும் தொழிற்சாலைக்கும் செல்வோருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அவர்கள் ஒரு நாள் வராவிட்டால் அந்த இடத்திற்கு வேறொருவர் வந்துவிடுவார்.

ஊரிலே இக்கேள்வி எழுந்ததில்லை. படலையைத் திறந்துவிட்டால் பிள்ளை அம்மம்மா வீட்டிலோ, பெரியம்மா வீட்டிலோ, கோவில் வீதியிலோ நிற்கும். பசித்தால் வரும். இங்கே பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தகுந்த மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யாமல் விட்டுச்செல்வது, 1981ஆம் ஆண்டின் சிறுகுற்றங்கள் சட்டத்தின்படி குற்றமாகும். இரண்டாயிரம் டொலர் வரை தண்டம் விதிக்கலாம். பன்னிரண்டு வயது மூத்தவளிடம் ஏழு வயதுத் தம்பியை ஒப்படைத்து, "ஒருத்தருக்கும் கதவு திறக்காதை பிள்ளை" என்று சொல்லிவிட்டு அதிகாலை வேலைக்குப் போன தாய்மாரை நாம் அறிவோம். அவர்களைக் குறைகூற நமக்கு நா எழவில்லை.

இந்நிலையிலேதான் தேவாலயங்களின் கோடைகாலச் சிறுவர் நிகழ்ச்சிகள் நம்மவர் கண்ணில் படுகின்றன. மவுண்ட் றொஸ்கில் பகுதி ஒருகாலத்தில் ஓக்லாந்தின் 'வேதாகமப் பட்டி' என்று அழைக்கப்பட்ட அளவுக்குத் தேவாலயங்கள் செறிந்த இடம்; 1999ஆம் ஆண்டு வரை மது விற்பனைக்கே அனுமதியில்லாதிருந்த வட்டாரம். இன்று அதே தெருக்களில் தோசைக் கடையும் ஹலால் இறைச்சிக் கடையும் அருகருகே இருக்கின்றன. அங்குள்ள ஒரு தேவாலயத்தின் அறிவித்தற்பலகையிலே, ஜனவரி மாதத்தில் இரண்டு வாரம் நடைபெறும் சிறுவர் நிகழ்ச்சிக்குத் தொண்டர்கள் தேவை என்ற அறிவித்தலைக் கண்டோம். பிள்ளைகளுக்கு இடம் இருக்கின்றது, பார்ப்பதற்கு ஆட்கள்தாம் போதவில்லை, ஆட்கள் சேராவிட்டால் பெயர் கொடுத்தோரில் பாதிப்பேரைத் திருப்பி அனுப்ப நேரிடும் என்று அங்கே பொறுப்பாயிருந்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரான அம்மையார் கூறினார். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுள் நம் பிள்ளைகள் பலர். நம்மவரிடையே தொண்டர் சேர்க்கும் பொறுப்பு இவ்வாறாக நம் தலையில் விழுந்தது.

முதலில் நாம் எதிர்கொண்டது படிவம் அல்ல, மதம். பிள்ளைக்கு இடம் கேட்டிருந்த ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, நாங்கள் சைவச் சனம். அங்க விட்டால் பிள்ளையை வேதக்காரர் ஆக்கிப் போடுவினமோ?"

நியாயமான கேள்வி. அதைச் சிரித்துத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. இவ்வகை நிகழ்ச்சிகளின் பிறப்பே சமயப் போதனைக்காகத்தான். 1868ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் லான்டட்னோ கடற்கரையிலே ஜொசையா ஸ்பியர்ஸ் என்பவர் விடுமுறைக்கு வந்த சிறுவரைக் கூட்டி, 'கடவுள் அன்பாயிருக்கின்றார்' என்று மணலிலே எழுதிச் சிப்பிகளால் அலங்கரிக்கச் செய்தார். நியூசிலாந்துக் கடற்கரைகளிலும் பின்னாளிற் பரவிய கோடைக்காலச் சிறுவர் ஊழியத்தின் ஊற்று அதுவே. முப்பது ஆண்டுகள் கழித்து, 1898இல், நியூயோர்க் நகரின் கிழக்குப் பகுதியிலே ஹோஸ் என்ற அம்மையார், தெருவில் அலைந்த குடியேறிகளின் பிள்ளைகளுக்காக விடுமுறைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். வேறிடம் கிடைக்காமையால் அதற்கு அவர் வாடகைக்குப் பிடித்தது ஒரு மதுச்சாலை. நம் ஊர்த் தேவாலயங்களிலும் நடைபெறும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் மூதாதை இந்த மதுச்சாலைப் பள்ளிதான் எனலாம். இரண்டிலும் வேதக்கதை உண்டு, பாட்டு உண்டு. அதனுடன் நிழலும், உணவும், பிள்ளையைக் கண்காணிக்கும் கண்களும் உண்டு. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பார்ப்பது கடினம்.

ஆகவே அந்தத் தாயாரிடம் நாம் சொன்னது இதுதான்: "நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கோ தங்கச்சி. என்ன சொல்லிக் குடுக்கினம் எண்டு வாசியுங்கோ. பிடிக்காட்டி விடாதேங்கோ." அட்டவணையை அம்மையார் தயங்காமல் தந்தார். காலையில் அரைமணி நேரம் பாட்டும் கதையும். அதன்பின் விளையாட்டு, கைவேலை, நீச்சல், சமையல். விரும்பாத பெற்றோர் அந்த அரைமணி கழிந்தபின் பிள்ளையைக் கொண்டுவரலாம் என்றார். சில குடும்பங்கள் அவ்வாறே செய்தன. பல குடும்பங்களுக்கு வேலைக்குப் போகும் நேரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அத்தாயாரின் கணவர் இறுதியில் சொன்னார்: "இடம்பெயர்ந்து வந்தபோது மடுக்கோவில் முற்றத்திலை எத்தினை மாசம் படுத்தனாங்கள். அப்ப ஒருத்தரும் எங்களை என்ன சமயம் எண்டு கேக்கேல்லை." 1990களில் மடுத் திருத்தலம் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் பொது அடைக்கலமாயிருந்ததை வன்னியில் வாழ்ந்தோர் மறந்திலர்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை நம்மவர் சங்கங்களுக்கும். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலே படித்து, அங்கேயே கற்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர். பிள்ளைகள் மதம் மாறுகின்றனர் என்று கவலைப்பட்டதும் அவர் திண்ணையிலிருந்து குறைகூறவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையிலே தாமே ஒரு பாடசாலையைத் திறந்தார். இங்கே நாம் ஆண்டுக்கு ஒருமுறை மேடை கட்டுகின்றோம், பொன்னாடை போர்த்துகின்றோம், மறுநாள் மண்டபத்தைப் பூட்டுகின்றோம். ஆறு வாரம் வேண்டாம், ஒரே ஒரு வாரமேனும் அம்மண்டபக் கதவைப் பிள்ளைகளுக்குத் திறந்துவைப்போமா என்று ஒரு கூட்டத்திலே கேட்டோம். அடுத்த கூட்டத்தில் ஆராய்வதாகச் சொன்னார்கள்.

இனித் தொண்டர் விடயத்துக்கு வருவோம். பொது அறிவித்தலால் பயனில்லை என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டோம். ஒன்றுகூடல் ஒன்றில் எழுந்து கேட்டபோது கைகள் பல உயர்ந்தன. படிவம் பெற்றவர் அதிற் பாதி. நிரப்பித் திருப்பித் தந்தவர் மூவர். பின்பு வீடு வீடாகச் சென்றோம். "தொண்டர் தேவை" என்று சொல்வதை விட்டு, "தங்கச்சி, நீங்கள் செவ்வாய்க்கிழமை காலமை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் வரமுடியுமோ?" என்று கேட்டோம். நாளும் மணியும் குறித்துக் கேட்டால் மனிதர் தம் நாட்காட்டியைப் பார்க்கின்றனர். இரவு வேலை முடிந்து காலையில் இரண்டு மணிநேரம் தரமுடியும் என்றவர், பரீட்சை முடிந்து ஓய்ந்திருந்த பல்கலைக்கழக மாணவியர், ஆங்கிலம் வராது என்று ஒதுங்கி நின்ற இரண்டு அம்மம்மாமார் எனப் பதினொருவர் சேர்ந்தனர். தேவாலயத்தின் பக்கத்தில் சமோவா, தொங்கா நாட்டு இளைஞர்களும் ஓய்வுபெற்ற வெள்ளையரும் இருந்தனர்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அரசின் அங்கீகாரம் பெற்ற விடுமுறை நிகழ்ச்சிகளில் பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தது ஒருவர் என்பது விதி. வெளியே அழைத்துச் செல்லும்போது எட்டுப் பேருக்கு ஒருவர். அறுபது பிள்ளைகள் என்றால் ஆறு பேர் போதும் என்று நாம் எண்ணினோம். அம்மையார் சிரித்தார். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் தனித்திருத்தல் ஆகாது. ஆகவே ஒவ்வோர் அறைக்கும் இருவர். மலசலகூடத்திற்கு அழைத்துச் செல்வதற்கு ஒருவர் எழுந்தால் அவ்விடத்தை நிரப்ப இன்னொருவர். வாசலில் வரவுப் பதிவேட்டுடன் ஒருவர். பிள்ளையை யார் கூட்டிச்செல்லலாம் என்று பெற்றோர் எழுத்தில் தந்த பெயருக்கு மட்டுமே அவர் பிள்ளையை விடவேண்டும். மாமா வந்திருக்கின்றார், பிள்ளையும் 'மாமா' என்று ஓடுகின்றது, ஆயினும் பட்டியலில் அவர் பெயர் இல்லாவிட்டால் நிற்கத்தான் வேண்டும். இதனால் மனத்தாங்கல் கொண்ட மாமன்மார் உண்டு. முதலுதவிக்கு ஒருவர், அடுப்படிக்கு மூவர். கூட்டிப் பார்த்தால் பதினாறு.

அடுத்து வந்தது பொலிஸ் படிவம்.

இந்நாட்டில் 2014ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சிறுவர் சட்டத்தின்படி, அரச நிதி பெறும் நிறுவனங்களிலே சிறுவருடன் பணிபுரிவோரின் பின்னணியை ஆராய்தல் கட்டாயம். அடையாளத்தை உறுதிசெய்தல், முன்னைய வேலைகளை விசாரித்தல், நேர்முகம், நற்சான்று, பொலிஸ் சோதனை ஆகியன அதில் அடங்கும். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். சம்பளம் பெறாத தொண்டர்க்குச் சட்டம் பொதுவாக இதனைக் கட்டாயமாக்கவில்லை. ஆயினும் தேவாலயங்கள் பலவும் தாமாகவே இதை எல்லோருக்கும் விதித்துள்ளன. காரணம் உண்டு. 2018இல் அமைக்கப்பட்டு 2024 ஜூலையில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்ட அரச விசாரணை ஆணைக்குழு, 1950 முதல் அரசினதும் சமய நிறுவனங்களினதும் பராமரிப்பிலிருந்த சிறுவரும் வலுக்குறைந்தோருமாக ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் வரை துன்புறுத்தப்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டது. அதே ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி நாட்டின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 'கோவில்தானே, பாதிரியார்தானே' என்ற நம்பிக்கையின் மறைவிலே நடந்த கொடுமைகள் அவை. ஆகவே அந்தப் படிவத்தை வெறும் வெள்ளைக்காரச் சம்பிரதாயம் என்று நம்மவர் எள்ளும்போது நாம் உடன்படுவதில்லை. சைவக் கோவிலானாலும் சங்கமானாலும் பிள்ளைகளைக் கூட்டும் எவ்விடத்திலும் அது வேண்டும் என்பதே நம் கருத்து.

ஆனால் 'பொலிஸ்' என்ற சொல் நம்மவர் காதில் வேறுவிதமாக விழுகின்றது. அகதி விண்ணப்பம் செய்து முடிவுக்குக் காத்திருக்கும் ஒருவர். ஊரிலே இருபது ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர். பிள்ளைகளுடன் இருக்கலாம் என்ற ஆவலில் முதலாவதாகப் பெயர் கொடுத்தவரும் அவரே. படிவத்தைக் கையில் வாங்கியவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் கழித்து இரவில் வந்தார். "சேர், பொலிஸ் எண்டு போட்டிருக்கு. இதிலை கையெழுத்து வைச்சால் கொழும்புக்குத் தெரியவருமோ? அங்கை பெடியன் இருக்கிறான்."

இதே நிலையிலுள்ள வாசகர்களுக்காக அவருக்குச் சொன்னதையே இங்கும் விரிவாகச் சொல்கின்றோம். பொலிஸ் சோதனைக்கு விண்ணப்பிப்பது நிறுவனமே. நம் சம்மதம் இன்றி அதைச் செய்ய இயலாது. ஆராயப்படுவது நியூசிலாந்துப் பொலிசாரின் கையிலுள்ள பதிவுகள். பிறந்த நாட்டுக்கு எழுதிக் கேட்பது இச்சோதனையின் பகுதி அன்று. அதற்கு மேலாக, 2009ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், ஒருவர் அகதி விண்ணப்பம் செய்துள்ளார் என்ற செய்தியையே இரகசியமாகப் பேணவேண்டும் என்று விதிக்கின்றது. இதனை நாம் சட்டத்தரணி ஒருவரிடமும் கேட்டு உறுதிசெய்தோம். தம் வழக்கில் தனிச்சிக்கல் உடையோர் தத்தம் சட்டத்தரணியைக் கேட்டே கையெழுத்திட வேண்டும்.

அவர் கேட்டார், தலையசைத்தார், கையெழுத்திட்டார். எழுதிய கை நடுங்கியதை நாம் பாராதது போல் இருந்தோம். ஒரு காலத்திலே பல்கலைக்கழக வாசலில் அடையாள அட்டையை நீட்டி நின்ற நம் கையும் அவ்வாறே நடுங்கியதுண்டு.

அவ்வளவு துணிந்தும் படிவம் திரும்பி வந்தது. அடையாளம் காட்டுவதற்குப் புகைப்படத்துடன் கூடிய அதிகாரபூர்வமான ஆவணம் வேண்டும். அவருடைய கடவுச்சீட்டு அவர் கையில் இல்லை. சாரதி அனுமதிப்பத்திரமும் இல்லை. அம்மையார் வருந்தினார், ஆனால் விதியை வளைக்கவில்லை. "ஒருவருக்கு வளைத்தால் யாருக்கு நிமிர்த்துவது?" என்ற பொருள்படக் கூறினார். நமக்குக் கோபம் வந்தது. இருபது ஆண்டு ஆசிரியர்! பின்பு ஆணைக்குழு அறிக்கையை நினைத்துக்கொண்டோம். அவரை அடுப்படிக் குழுவில் சேர்த்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு அனுமதியில்லை.

நிகழ்ச்சி நடந்த இரண்டு வாரங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பிள்ளைகள் கூடும் இடம் எங்கும் ஒன்றே. தொப்பியில்லாதவருக்கு வெளியே விளையாட்டில்லை. இந்நாட்டு வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமையானது என்பதால் செப்ரெம்பர் முதல் ஏப்ரல் வரை காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை உடலைக் காக்கும்படி சுகாதாரத் துறையினர் சொல்கின்றனர். "யாழ்ப்பாணத்து வெயில் பாத்த தோலுக்கு உது என்ன செய்யும்?" என்று களிம்பு பூச மறுத்த நம் அம்மம்மா ஒருவர் மூன்றாம் நாள் மூக்கு உரிந்து வந்தார். நிலக்கடலை எந்த உருவிலும் உள்ளே வரக்கூடாது. மாட்டிறைச்சி உண்ணாதோர், பன்றி உண்ணாதோர், ஒன்றுமே உண்ணாதோர் எனப் பட்டியல் நீண்டதால், நான்காம் நாள் முதல் எல்லோருக்கும் மரக்கறிச் சோறும் பருப்பும் என்று தீர்மானமாயிற்று. ஆங்கிலம் வராது என்று ஒதுங்கிய இரு பாட்டிமாரும் அன்று தொடக்கம் அடுப்படியின் அதிகாரிகள் ஆயினர்.

ஒருநாள் மிஷன் பே கடற்கரைக்குச் சென்றோம். அங்கே கடலை நோக்கியபடி கருங்கற் கட்டடம் ஒன்று நிற்கின்றது. ஐஸ்கிறீம் வாங்க வரும் நம்மவர் அதைக் கவனிப்பதில்லை. ரங்கிடோட்டோத் தீவின் எரிமலைக் கல்லால் 1859ஆம் ஆண்டளவில் எழுந்த அக்கட்டடம் மெலனீசிய மிஷனுக்கு உரியது. இடப்பெயரும் அதனால் வந்ததே. ஓக்லாந்தில் தேவாலயம் நடத்திய பழைய கோடைப் பள்ளி ஒன்று இதன் வரலாற்றில் உண்டு. நியூசிலாந்தின் முதல் அங்கிலிக்கன் பேராயரான செல்வின், 1849 முதல் தென்கடல் தீவுகளுக்குக் கப்பலேறிச் சென்று அங்குள்ள சிறுவரையும் இளைஞரையும் ஓக்லாந்துக்கு அழைத்துவந்தார். கோடை முழுவதும் கற்பிப்பது, குளிர் தொடங்குமுன் மீண்டும் தீவுகளில் கொண்டுசென்று விடுவது என்பதே திட்டம். முதலில் புனித யோவான் கல்லூரியிலும், பின்பு இக்கடற்கரையிலும் பள்ளி நடந்தது. இதற்கான பணத்தில் ஒரு பங்கு சார்லட் யங் என்ற ஆங்கில நாவலாசிரியை தம் நூல் வருவாயிலிருந்து கொடுத்தது. பொறுப்பேற்று நடத்திய பற்றிசன், தம் மாணவரின் மொழிகளைத் தாம் கற்றவர். பிள்ளைகளை ஆங்கிலேயராக்குவது தம் வேலையன்று என்று எண்ணியவர். ஆயினும் இத்தனை நல்லெண்ணமும் 1863ஆம் ஆண்டில் வயிற்றுளைச்சல் நோய் பரவியபோது சில சிறுவரைக் காப்பாற்றவில்லை. தாய்தந்தையர் தொலைதூரத் தீவில் கரையைப் பார்த்துக் காத்திருக்க, பிள்ளைகள் இங்கே மாண்டனர். தட்பவெப்பம் ஒவ்வாததால் 1867இல் பள்ளி நோர்போக் தீவுக்கு மாற்றப்பட்டது. பற்றிசன் 1871இல் நுகாப்பு தீவிலே கொல்லப்பட்டார். தொழிலுக்கென ஆட்களைக் கவர்ந்து சென்ற கப்பல்கள் அத்தீவுகளிலே செய்த கொடுமை அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. பிள்ளையைக் கொண்டுபோக வந்த கப்பல் எது, கொள்ளை கொண்டுபோக வந்த கப்பல் எது என்று கரையில் நின்றோர் எவ்வாறு பிரித்தறிவர்?

வாசலில் பதிவேட்டுடன் நிற்கும் அந்த ஒருவரை அதன்பின் நாம் வேறு கண்ணால் பார்த்தோம்.

இரண்டாம் வாரம் தைப்பொங்கல் வந்தது. அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கணித ஆசிரியர், அதற்கு முதல்நாள் தோட்டக் கடையில் மூங்கிற் குச்சிகளும் ரிசுக்கடதாசியும் வாங்கி வந்திருந்தார். பகலுணவு முடிந்த பின்பு மேசையைத் துடைத்துவிட்டு அளந்தார், வளைத்தார், நூலிட்டுக் கட்டினார். பனைநாருக்கு எங்கே போவது? பொதி கட்டும் பிளாஸ்ரிக் பட்டியைக் கத்தியால் சீவி விண் பூட்டினார். மறுநாள் காலை நான்கு கொக்குப் பட்டங்கள் உணவு கொடுக்கும் யன்னல் வழியாக ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. பல்கலைக்கழக மாணவியர் அவற்றைத் திடலுக்குக் கொண்டுசென்றனர். சமோவாத் தம்பி ஒருவன் முதற் பட்டத்தை ஏற்றினான். தலைக்குமேலே அது விண்கூவத் தொடங்கியதும் அறுபது பிள்ளைகளும் அண்ணாந்து நின்றனர். ஓக்லாந்திலே பிறந்த நம் பிள்ளை ஒருத்தி, எங்கே மோட்டார் வைத்திருக்கின்றது என்று கேட்டாள்.

ஆசிரியர் அடுப்படி வாசலில் நின்றார். அதற்கு வெளியே வரவில்லை. "நூலை இளக்கு, இளக்கு!" என்று அங்கிருந்தே உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சமோவாத் தம்பிக்குத் தமிழ் தெரியாது, ஆயினும் இளக்கினான்.

அவருடைய வழக்கு இப்போது மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் முன் உள்ளது. அடுத்த கோடைக்கும் பெயர் கொடுத்திருக்கின்றார். அதற்குள் அடையாள ஆவணம் கிடைக்குமாயின் ஒன்பது வயதுக் குழுவை அவரிடம் ஒப்படைப்பதாக அம்மையார் பட்டியலிலே பென்சிலால் குறித்து வைத்துள்ளார். முன்னர் தொண்டரானவர்களுள் நால்வர் வேறு நகருக்குச் சென்றுவிட்டதால் செவ்வாய், வியாழன் காலை நேரங்களுக்கு ஆட்கள் குறைகின்றனர். படிவங்கள் நம்மிடம் உள்ளன.